உபுண்டு 24.04-இல் என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம் நிறுவியபின் 502 பிழை ஏன்?

வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பிஎச்பி நிரலை இயக்கும் எஃப்பிஎம் என இரண்டு சர்வீஸும் ஓடுகின்றன, ஆனாலும் பக்கத்தைத் திறந்தால் 502 என்கிறீர்கள். என்ஜின்எக்ஸ் மேல் பழி போடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருப்பதால்தான் 502 என்றே சொல்ல முடிகிறது, பின்னால் இருக்கும் பிஎச்பியைத்தான் அதனால் பிடிக்க முடியவில்லை.

என்ஜின்எக்ஸின் எர்ரர் லாக்கில் கடைசி வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 2 என்று இருந்தால், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் சொல்லும் இடத்தில் சாக்கெட் கோப்பே (இரண்டு சர்வீஸும் பேசிக்கொள்ளும் வழி) இல்லை. பழைய வழிகாட்டிகளில் இருந்து நகலெடுத்தால் பெரும்பாலும் இதுதான்: அதில் பிஎச்பி பதிப்பு 7.4 அல்லது 8.1 என்று இருக்கும், 24.04 தருவதோ 8.3, சாக்கெட்டின் பெயரிலேயே அந்த எண் வரும். ரன் டைரக்டரியில் பிஎச்பி ஃபோல்டருக்குள் என்ன பெயர் இருக்கிறதோ அதையே கான்ஃபிக்கின் ஃபாஸ்ட்சிஜிஐ பாஸ் (fastcgi_pass) வரியில் எழுதி, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

அடைப்புக்குறிக்குள் 13 என்றால் அனுமதிச் சிக்கல். என்ஜின்எக்ஸ் ஓடும் பயனர் பெயர் பூல் கோப்பின் (எஃப்பிஎம்மின் அமைப்புக் கோப்பு) லிசன் ஓனர் (listen.owner) வரியிலும் இருக்க வேண்டும் (தயவுசெய்து எல்லோருக்கும் முழு அனுமதி தரும் 777 போட்டுத் தப்பிக்க வேண்டாம்). அப்புறம், பூல் கோப்பைத் தொட்டால் எஃப்பிஎம்மைத்தான் ரீஸ்டார்ட் செய்யணும்.