பத்துப் பேர் இல்லாத வீட்டில் ஜெபம்

கேள்வி: இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு யூதப் பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் ஜெப ஆலயத்துக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே ஜெபிக்கிறார். முடித்ததும், "பத்துப் பேர் இல்லையே" என்று கலங்குகிறார். தனியாக ஜெபித்தால் யூதச் சட்டப்படி செல்லாதா? நான் அருகில் நின்றால் உதவுமா?
- ஒரு வாசகி

பதில்: செல்லும், சகோதரி. காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை ஜெபிக்கும் கடமை ஒவ்வொரு யூத ஆணுக்கும் தனித்தனியே உண்டு. ஆள் சேரவில்லை என்பதால் அது நீங்குவதில்லை. தனியே ஜெபித்தாலும் நிறைவேறிவிடுகிறது. நின்றபடி மெல்லச் சொல்லும் 'அமீதா'தான் இந்த ஜெபங்களின் மையம். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் யூத ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூத் காட்டும் முன்மாதிரியே, சீலோவில் உதடுகள் மட்டும் அசைய வேண்டிக்கொண்ட, சாமுவேலின் தாய் அன்னாள்தான்.

ஆனாலும் பெரியவரின் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. "கடவுள் எங்கிருந்தாலும் கேட்பார்" என்று சொல்லி அதை ஒதுக்கிவிடாதீர்கள். 13 வயது நிறைந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால் அது 'மின்யான்'. (பெண்களையும் எண்ணும் பிரிவுகள் உண்டு.) மின்யான் இல்லாமல் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளை முறைப்படி வாசிக்க முடியாது, இறந்தவர்களுக்காகச் சொல்லும் 'கதீஷ்' சொல்ல முடியாது. அவருடைய பெற்றோரின் அல்லது மனைவியின் நினைவு நாள் அண்மையில் வந்துபோனதா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். வலி அங்கே இருக்கலாம்.

கூடி ஜெபிப்பது எவ்வளவு கட்டாயம்? முடிந்தவரை தனியே ஜெபிக்கக் கூடாது என்றார் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூஹ்' என்ற சட்டநூல், சபையோடு ஜெபிக்க ஒருவர் முயல வேண்டும் என்கிறது. 20ஆம் நூற்றாண்டின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அதைக் கடமையென்றே தீர்ப்பளித்தார். ஆனால், நடக்க இயலாதவர்மீது யாரும் அதைச் சுமத்துவதில்லை.

தல்மூதில் ஓர் உரையாடல் வருகிறது. ஜெப ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்று ரபி ஈசாக்கு கேட்கிறார். முடியவில்லை என்கிறார் ரவ் நஹ்மான். பத்துப் பேரை வீட்டுக்கு வரவழைத்திருக்கலாமே? அது சிரமம். அப்படியானால், சபை ஜெபிக்கும் நேரத்தையாவது ஆள் மூலம் அறிந்து, அதே நேரத்தில் ஜெபித்திருக்கலாமே என்கிறார் ஈசாக்கு. இயலாதவர்களுக்குக் காரோ சொல்லும் வழியும் இதுதான். பெரியவரும் இந்தப் பகுதியை அறிந்திருக்கக்கூடும், நினைவூட்டுங்கள்.

நீங்கள் அருகில் நிற்பது எண்ணிக்கையில் சேராது. ஆனால், நேரம் கேட்டுவரும் அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். நினைவு நாளன்று பத்துப் பேர் வீட்டுக்கு வர முடியுமா என்றும் ஜெப ஆலயத்தில் கேளுங்கள். துக்க வீடுகளில் அப்படிக் கூடுவது அங்கே வழக்கம்தான், தயங்க வேண்டாம். பிற்பகல் ஜெபத்தின் நேரம் சூரிய அஸ்தமனத்தை ஒட்டி மாறும் என்பதால், வாரந்தோறும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.