113 பேரில் மிச்சம் எத்தனை பேர்?

கேள்வி: ரொம்ப வருடங்களுக்கு முன் ஒரு அமெரிக்கத் தொடர் பார்த்தேன். செத்துப்போன போலீஸ்காரர் ஒருவர் நரகத்திலிருந்து திரும்பி வருவார், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கும், அங்கிருந்து தப்பித்தவர்களைத் தேடித் தேடிப் பிடிப்பார். கொஞ்ச நாளில் நின்றுபோனது. பெயர் மறந்துவிட்டது, ஆனால் அந்த ஆள் மனதை விட்டுப் போகவில்லை. அது என்ன தொடர்?

பதில்: 'பிரிம்ஸ்டோன்'. கந்தகம் என்று பொருள். பைபிளில் 'அக்கினியும் கந்தகமும்' என்று வருகிறதே, அந்தக் கந்தகம். 1998 அக்டோபரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஆரம்பித்து 1999 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. மொத்தமே 13 எபிசோடுகள்தான். எசேக்கியேல் ஸ்டோன் என்ற நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர், தன் மனைவியைப் பாலியல் வன்முறை செய்தவனைக் கொன்றுவிடுகிறார். சில மாதங்களுக்குள், 1983-லேயே, அவரும் கொல்லப்படுகிறார். நல்ல போலீஸ்காரராக வாழ்ந்தும் அந்த ஒரு கொலைக்காக நரகம். 15 வருடம் கழித்து 113 பேர் நரகத்திலிருந்து தப்பித்து ஓட, அவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினால் உனக்கு இன்னொரு வாழ்க்கை தருகிறேன் என்று சாத்தான் பேரம் பேசுகிறார். நீங்கள் சொல்லும் பச்சைக்குறிகள் அந்த 113 பேரின் கணக்கு. ஒருவர் திரும்பிப் போனால் ஒரு குறி எரிந்து மறையும். சித்திரகுப்தனின் ஏடு ஒரு மனிதனின் தோல்மேலேயே எழுதப்பட்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பீட்டர் ஹார்ட்டன் ஸ்டோனாக நடித்தார். சாத்தான் ஜான் குளோவர், பிறகு 'ஸ்மால்வில்' தொடரில் லயனல் லூத்தராக வந்தாரே, அவர்தான். நான் பார்த்த திரைச் சாத்தான்களில் இவரைத்தான் முதலில் வைப்பேன். கொம்பு, கர்ஜனை எதுவும் கிடையாது, திடீரென்று பக்கத்தில் நின்று, பழைய சிநேகிதர் மாதிரி சிரித்துக்கொண்டே ஸ்டோனின் பழைய காயத்தில் விரலை வைப்பார்.

கேள்வி: இவ்வளவு நல்ல கதை என்றால் ஏன் நிறுத்தினார்கள்?

பதில்: பார்த்தவர்கள் போதவில்லை, அவ்வளவுதான். அப்போது அமெரிக்கச் சேனல்கள் ஒரு புதுத் தொடருக்கு முதலில் 13 எபிசோடுகள் எடுக்கச் சொல்லும். வரவேற்பு இருந்தால் மேலும் ஒன்பது கேட்கும், அப்படித்தான் ஒரு சீசனுக்கு 22 என்ற கணக்கு வரும். பிரிம்ஸ்டோனுக்கு அந்த ஒன்பது வரவே இல்லை. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் ஒளிபரப்பினார்கள், இளைஞர்கள் வெளியே போய்விடும் இரவு அது. அதே ஃபாக்ஸில் 1993-ல் வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்துத்தான், அமானுஷ்ய வழக்குகளை விசாரிக்கும் 'எக்ஸ் ஃபைல்ஸ்' பெரிய வெற்றி ஆனது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடருக்கு ஆட்களைச் சேர்க்க நேரம் கொடுத்தார்கள். 1996-ல் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிய பிறகு, வெள்ளிக்கிழமையை அதேபோல் நிரப்ப இன்னொன்று கிடைக்காதா என்று தேடினார்கள், அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் பிரிம்ஸ்டோன். நாலு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு குற்றவாளி, ஒரு விசாரணை என்று தனித்தனிக் கதையாக ஆரம்பித்து மெல்ல மெல்லப் பெரிய கதைக்குள் போகிற தொடர் இது. அந்தப் பெரிய கதை சூடு பிடிக்கும் நேரத்தில் கையைக் கட்டிவிட்டார்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேள்வி: சாத்தான் இளைஞன் ஒருவனை வேலைக்கு வைத்து, தப்பித்த ஆத்மாக்களைப் பிடிக்கச் சொல்வாரே, சிரிப்பாகப் போகும், அதுவும் இதுதானா?

பதில்: இல்லை, அது 'ரீப்பர்'. 2007-ல் தொடங்கி இரண்டு சீசன் ஓடியது, சாத்தானாக ரே வைஸ். கரு கிட்டத்தட்ட ஒன்றுதான், மனநிலை வேறு. அதையும் கதை முடியாமலேயே நிறுத்தினார்கள்.

கேள்வி: முடிவு இல்லை என்று தெரிந்தும் ஒரு தொடரை உட்கார்ந்து பார்ப்பது நேர விரயம் இல்லையா? என் மகள் அப்படித்தான் சொல்கிறாள்.

பதில்: உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. பல தொடர்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஒரே ஒரு மர்மத்தை வைத்துக்கொண்டு வாரா வாரம் 'அப்புறம் என்ன' என்று மட்டுமே இழுக்கிற கதை பாதியில் நின்றால், பார்த்த நேரம் போனது போனதுதான். பிரிம்ஸ்டோன் அந்த வகையில் சேராது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஸ்டோன் தினமும் காலையில் எழும்போது அவர் சட்டைப்பையில் 36 டாலர் 27 சென்ட் இருக்கும். செத்த அன்று அவரிடம் இருந்த பணம் அது. நேற்று எவ்வளவு செலவழித்தாரோ, இன்று காலை சரியாக அதே தொகை. 1983-ல் ஒரு மனிதன் பையில் வைத்திருந்த சில்லறையை வைத்துக்கொண்டு 1998-ல் ஒவ்வொரு நாளையும் ஓட்ட வேண்டும், சாப்பாடு, அறை, போக்குவரத்து எல்லாம் அதற்குள். விலைவாசி 15 வருடம் ஓடியிருக்கிறது, அவர் பை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. இதை எழுதியவர்கள் நரகம் என்றால் என்ன என்று உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பணத்தைப் பார்த்துத்தான். நெருப்பையும் எண்ணெய்க் கொப்பரையையும் யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

மனைவியின் கதையும் அப்படித்தான். அவர் உயிரோடு இருக்கிறார், லாஸ் ஏஞ்சல்ஸில். அவருக்கு 15 வயது கூடியிருக்கிறது, ஸ்டோனுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. எந்தப் பெண்ணுக்காகக் கொலை செய்து நரகத்துக்குப் போனாரோ அவரை இந்த மனிதர் தூரத்தில் நின்று பார்க்கும் காட்சிகள் இருக்கின்றன, அவற்றுக்கு முடிவே தேவையில்லை. நான் முதலில் பார்த்தபோது, ஒரு நண்பர் பதிவு செய்து கொடுத்த வீடியோ கேசட்டில், படம் பாதி நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஏற்கெனவே சாம்பல் நீலமாக எடுத்த தொடர் இன்னும் வெளிறிப்போய்த் தெரிந்தது, இருந்தும் அந்தக் காட்சி வந்ததும் கேசட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் பெரிய திருப்பம் ஒன்று வருகிறது. பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். மகளிடம் முதல் மூன்று எபிசோடுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'லூசிஃபர்' தொடரை ரசிகர்கள் காப்பாற்றினார்களே. பிரிம்ஸ்டோனை ஏன் யாரும் காப்பாற்றவில்லை?

பதில்: நல்ல ஒப்பீடு, ஏனென்றால் அதுவும் ஃபாக்ஸ்தான், அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸ், அதிலும் நரகமும் போலீஸும். 2018-ல் மூன்று சீசனோடு ரத்து செய்தார்கள், ரசிகர்கள் இணையத்தில் சத்தம் போட்டார்கள், நெட்ஃபிளிக்ஸ் வாங்கிக்கொண்டது, ஆறு சீசன் முடித்து 2021-ல் முறையாக விடைபெற்றது. 1999-ல் அந்த வசதி எதுவும் இல்லை. ஒரு சேனல் கைவிட்டால் எடுத்து நடத்த இன்னொரு வாசல் கிடைப்பது அபூர்வம். அதோடு, ரசிகர் கூட்டம் இருந்தால் மட்டும் போதாது. 'கார்னிவால்' என்று ஹெச்பிஓவில் ஒரு தொடர், 1930-களின் வறட்சிக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் ஒரு கேளிக்கைக் குழுவுக்குள் ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டம். அதை உருவாக்கிய டேனியல் நாஃப் ஆறு சீசனுக்குத் திட்டம் போட்டிருந்தார். இரண்டு சீசன், 24 எபிசோடுகளோடு 2005-ல் நிறுத்தினார்கள். ரசிகர்கள் மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளினார்கள், ஆனால் எபிசோடுக்கு நாற்பது லட்சம் டாலர் அளவுக்குச் செலவு பிடிக்கும் தொடர் அது, பார்வையாளர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். எதுவும் அசையவில்லை.

சில சமயம் வேறு விதமாகவும் நடக்கும், நின்றுபோன தொடர் இன்னொரு தொடருக்கு விதையாகிவிடும். 1974-75-ல் 20 எபிசோடுகள் மட்டுமே வந்த 'கோல்ச்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற, அமானுஷ்யங்களைத் துரத்தும் நிருபரின் கதையை இளவயதில் பார்த்த கிறிஸ் கார்ட்டர்தான் பின்னாளில் எக்ஸ் ஃபைல்ஸை உருவாக்கினார், அந்தப் பாதிப்பை அவரே சொல்லியிருக்கிறார். கோல்ச்சாக்காக நடித்த டேரன் மெக்கேவினையே அழைத்து எக்ஸ் ஃபைல்ஸில் நடிக்க வைத்தார்.

கேள்வி: பிரிம்ஸ்டோன் தொடர்ந்திருந்தால் எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பதில்: சாத்தானோடு கடைசிச் சண்டை, வானம் பிளப்பது, அதெல்லாம் எனக்கு வேண்டாம். கடைசிக் குறியும் எரிந்து மறைந்துவிட்டது, ஸ்டோனுக்கு அது ஜெயித்ததா ஏமாந்ததா என்றே தெரியவில்லை, சாத்தானும் வந்து எதுவும் சொல்லவில்லை, களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறார். மறுநாள் காலை எழுந்து பழக்கத்தில் பைக்குள் கையை விடுகிறார். முந்தின நாள் செலவழித்தது போக மிச்சமிருந்த இரண்டு டாலரும் கொஞ்சம் சில்லறையும் மட்டும்தான் கையில் வருகிறது.