அக்கா பீரோவில் இருக்கும் அம்புலிமாமா

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்பேட்டையில் வளர்ந்தவன், இப்போது ஏற்காட்டில் வீடு கட்டுகிறேன். சின்ன வயதில் அம்புலிமாமாவின் மாயாஜாலத் தொடர்கதைகள் என்றால் உயிர். அவற்றைப் பிரித்தெடுத்து பைண்டிங் செய்த ஏழு வால்யூம் அக்கா வீட்டில் இருக்கிறது. விடுபட்ட இதழ்களை எக்கச்சக்க விலை கொடுத்துச் சேர்த்துவிட்டேன், கண்ணாடி அலமாரியும் தயார். அக்காதான் தர மறுக்கிறார். அன்றைக்குக் கொலுசுப் பட்டறைக் கூலியில் அவர்தான் வாங்கித் தருவார், ஆனால் படித்தது நான். இப்போது கண்ணும் சரியாகத் தெரியாமல், சும்மா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். அவர் மகன் மூலம் பேசிப் பார்க்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தம்பி, சொத்தையே விட்டுக்கொடுத்த அக்கா தம்பிகள் அம்மாவின் பித்தளை அண்டாவுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட கதையெல்லாம் இந்தப் பகுதிக்கு எவ்வளவோ வந்திருக்கிறது. அதனால் 'அக்கா மனம் மாறுவார், பொறுமையாக இருங்கள்' என்று எழுத மாட்டேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, கண் சரியாகத் தெரியவில்லை என்று, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

எத்தனை நாளாகத் தெரியவில்லை? வெள்ளெழுத்தா, புரையா, சர்க்கரையா? யாரிடம் காட்டினீர்கள்? எந்த வருடத்தில் எந்த மாத இதழ் விடுபட்டது என்று விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள், கூடப் பிறந்தவள் கண்ணுக்கு என்ன என்று தெரியவில்லை. அதையும் வருத்தப்பட்டு எழுதவில்லை. அவருக்கு இனி புத்தகம் எதற்கு என்று வாதாட எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பட்டறை வேலை எப்படி என்று செவ்வாய்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடுகு மாதிரி இருக்கும் வளையங்களை இடுக்கியால் எடுத்துக் கோர்த்து, நெருப்பை ஊதி ஊதிப் பற்றவைத்து, நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பார்க்கிற வேலை. அந்தக் கண்ணால் சம்பாதித்த காசில் வந்த புத்தகம் தம்பி அது. பைண்டிங் கூலி யார் கொடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். அப்புறம், 'படித்தது நான்' என்கிறீர்கள். கடையில் வாங்கி வீடு வருகிற வழியில் அந்தப் பெண் ஒரு பக்கமாவது புரட்டியிருக்க மாட்டாளா? படிக்காத ஒருத்தி இத்தனை வருடம் ஏழு வால்யூமைப் பீரோவில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றுவாளா?

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை, 2013இல் நிற்கும்வரை எத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் கட்டிப்போட்டது! சங்கர் வரைந்த வேதாளம் ஒரு பக்கம், சித்ரா தொடர்கதைகளுக்கு வரைந்த மந்திரவாதிகளும் கோட்டைகளும் இன்னொரு பக்கம். கதாநாயகனை ஆபத்தில் மாட்டிவிட்டு 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள், அடுத்த மாதம் வரைக்கும் சோறு இறங்காது. அந்த வயதில் மனதில் ஏறியது போகாது, போகவும் வேண்டாம்.

ஆனால் அந்த மாதிரிக் கதைகளில் ஒருவன் எதற்காகக் காடு மலை தாண்டிப் போவான்? குலேபகாவலிக் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பார்வை போன தகப்பனுக்காகப் பூவைத் தேடிப் போன மகன் கதை. அதையெல்லாம் ரசித்து வளர்ந்த நீங்கள் அக்கா கண்ணுக்காக மலையிறங்கி வரவில்லை, அலமாரிக்காக இறங்கி வந்திருக்கிறீர்கள். அப்பா அம்மாவுக்குச் செய்வது மட்டும்தான் கடமை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகளை வளர்த்தது அக்காக்கள்தான். அவர்களுக்குப் பட்ட கடன் பெற்றவர்களுக்குப் பட்ட கடனுக்குக் குறைந்ததில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

இருபது கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் தூரம். இந்த வாரமே இறங்கி வந்து அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சேலம் அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, புரை என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் காசில்லாமலே ஆபரேஷன் செய்து லென்ஸ் வைக்கிறார்கள். வீடு கட்டுகிற உங்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிச் செலவும் பெரிதில்லை. வெறும் வெள்ளெழுத்து என்றால் ஒரு கண்ணாடியோடு போய்விடும், அதற்கா இத்தனை நாள் விட்டுவைத்தோம் என்று அப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புத்தகத்தைப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்காதீர்கள். அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் அது அவருடையது. ஏற்காட்டு மழைக்கும் பனிக்கும் அந்தப் பழைய தாளில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி வரும், அடிவாரத்தில் இருப்பதே அதற்கு நல்லது. அக்கா மகனை நடுவில் இழுக்கவே கூடாது, அம்மாவுக்கும் மாமனுக்கும் நடுவில் அந்தப் பையன் எந்தப் பக்கம் பேசுவான்?

ஆபரேஷன் என்றால் அதற்கப்புறம் சில வாரம் ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அதை உங்கள் மனைவி தலையில் கட்டாதீர்கள், நீங்கள் விடுங்கள்.