கிளட்ச் கனமா இருக்கா? கேபிளை மட்டும் திட்டாதீங்க

கேள்வி: அண்ணே, என் கார் முப்பது வருஷத்துக்கு மேல ஆனது, கேபிள் கிளட்ச். பெடல் கல்லு மாதிரி இருக்கு, டிராஃபிக்ல அரை மணி நேரம் ஓட்டினா இடது முழங்கால் போயிடுது. ஹைட்ராலிக்கா மாத்திட்டா வெண்ணெய் மாதிரி ஆயிடும்னு பிரண்டு சொல்றான், மாத்தலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. கேபிளை எடுத்துட்டு ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக் போட்டா, கிளட்ச் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கற பிரஷர் பிளேட்ல இருக்கற ஸ்பிரிங் இளகிடாது, அதே ஸ்பிரிங்கைத்தான் உங்க கால் அமுக்கணும். ஹைட்ராலிக்ல உராய்வு குறைவு, அது நிஜம். மத்தபடி பெடல் லேசாகறதுக்கு ரெண்டு சிலிண்டரோட சைஸ்தான் காரணம், பெடல் பக்கம் இருக்கற மாஸ்டர் சிலிண்டர் சின்னதா இருந்தா கால் லேசாகும், ஆனா கீழ கியர் பாக்ஸ் பக்கம் இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் நகர்ற தூரமும் குறையும், கிளட்ச் முழுசா விடாது, ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரன்னு அலறும். மாத்தின வண்டிங்க நிறைய பேர்கிட்ட இந்தக் கதைலதான் நிக்குது.

முதல்ல இதை செஞ்சு பாருங்க. கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையை ஃபோர்க்ல (கிளட்சை விடுவிக்கற நெம்புகோல்) இருந்து கழட்டிட்டு, பெடலை கையால அமுக்குங்க. அப்பவும் பிடிச்சு பிடிச்சு போச்சுன்னா கோளாறு கேபிள்ல இருக்கு, இல்லன்னா பெடல் அசையற புஷ்ல இருக்கு. லேசா போச்சுன்னா கேபிள் பாவம் நிரபராதி, கீழ ஃபோர்க் காய்ஞ்சு கிடக்கு இல்லன்னா டிஸ்க் தேஞ்சிருக்கு. டயஃப்ரம் கிளட்ச்ல (தட்டு மாதிரி ஒரே ஸ்பிரிங் இருக்கறது) டிஸ்க் தேயத் தேய பெடல் கனமாகும், இது நிறைய பேருக்குத் தெரியாது, கேபிளை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

கேபிள் போற வழியையும் பாருங்க, எங்கயும் சுருக்கா மடங்கக் கூடாது. அதுக்காக விறைப்பா இழுத்துக் கட்டவும் கூடாது. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் கார்ல கியர் பாக்ஸ் கிட்ட இருக்கற கேபிள் டியூப் 25-ல இருந்து 45 மில்லிமீட்டர் வரைக்கும் தொங்கணும்னே கணக்கு இருக்கு, அவ்வளவு தொங்கலன்னா வண்டி எடுக்கும்போது நடுங்கும். உள்ள நைலான் லைனிங் இருக்கற கேபிளுக்கு ஆயில் ஊத்தாதீங்க, தூசியை இழுத்துக்கிட்டு இன்னும் மோசமாகும்.

கேள்வி: என்னோடது ஹைட்ராலிக் கிளட்ச் சார். காலைல முதல் தடவை அமுக்கினா பெடல் தரை வரைக்கும் போயிடுது, ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணா சரியாயிடுது. ஆயில் லெவல் குறையவே இல்ல. எங்க லீக்?

பதில்: லெவல் குறையலன்னா வெளிய எங்கயும் போகல. மாஸ்டர் சிலிண்டர் உள்ளயே சீல் தேஞ்சு, அமுக்கும்போது ஆயில் பின்னாடியே வழுகிப் போகுது, இல்லன்னா லைன்ல ஏர். முதல்ல ஏர் எடுத்துப் பாருங்க, ஒரு வாரத்துல திரும்ப வந்தா சீல்தான். எதுக்கும் பெடலுக்கு மேல, மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருக்கற சுவர் பக்கம் விரலை வெச்சுப் பாருங்க, ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் மூடியையும் மெதுவா தூக்கிப் பாருங்க, ஈரம் இருந்தா கதை வேற. மாத்தறதுன்னா ரெண்டு சிலிண்டரையும் சேர்த்து மாத்துங்க. நான் ஒரு தடவை மிச்சம் பிடிக்கறேன்னு மேல மட்டும் புதுசு போட்டேன், புது பிரஷர் தாங்காம கீழ இருந்த கிழவன் சீக்கிரமே ஒழுக ஆரம்பிச்சான், அதே வேலையை ரெண்டு தடவை செஞ்சேன்.

ஊத்தறது பிரேக் ஆயில்தான், மூடில போட்டிருக்கற டாட் 3 இல்லன்னா டாட் 4. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் சீல் ஊதிப் போயிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க, பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

இன்னொண்ணு, ஹைட்ராலிக் கிளட்ச் கொஞ்சம் கள்ளன். கேபிள்ல டிஸ்க் தேஞ்சா ஃப்ரீ ப்ளே (பெடல் சும்மா ஆடற தூரம்) குறைஞ்சு பெடல்லயே தெரிஞ்சிடும் (தானா அட்ஜஸ்ட் ஆகற கேபிள் இதுல சேராது). ஹைட்ராலிக் தன்னைத்தானே சரி பண்ணிக்கிட்டு கம்முனு இருக்கும், ஒரு நாள் மேட்டுல டாப் கியர்ல எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது.

கேள்வி: வருஷத்துக்குள்ள மூணாவது கிளட்ச் கேபிள். கழட்டினா உள்ள பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கு. டூப்ளிகேட் பார்ட்டா?

பதில்: பார்ட்டைத் திட்டறதுக்கு முன்னாடி எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டையைப் பாருங்க. அது துருப்பிடிச்சோ அறுந்தோ இருந்தா ஸ்டார்டர் இழுக்கற கரண்ட் திரும்பிப் போக வேற வழி தேடும், எஞ்சினையும் பாடியையும் சேர்க்கற கிளட்ச் கேபிள் வழியாவே போகும், கம்பி சூடாகி லைனிங் உருகிடும். ஒரு ஜம்பர் வயரை எஞ்சின் பிளாக்ல இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேரா மாட்டிட்டு செல்ஃப் அடிங்க. முன்ன விட சுறுசுறுப்பா சுத்தினா, நாலாவது கேபிள் வாங்காதீங்க, பட்டையை மாத்துங்க.