ஐஸ் ஹொக்கியில் ட்ராஃப்ட் தெரிவுகளை ஏன் பல ஆண்டுகள் கழித்து எடைபோடுகிறார்கள்?

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்வதே ட்ராஃப்ட். பொதுவாக, நலிந்த அணிகளுக்கே முன்வரிசை. தெரிவாகிறவர்களில் பெரும்பாலோர் 18 வயதினர். உடலும் ஆட்டமும் முற்றாத பருவம். மட்டக்களப்பில் தயிருக்காக எருமை வளர்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: தாயின் மடியைப் பார்த்துக் கன்றை வாங்கலாம், ஆனால் அது எவ்வளவு கறக்கும் என்பது ஈன்ற பிறகுதான் தெரியும்.

1989இல் டெட்ரொய்ட் அணி 53ஆவதாக எடுத்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், சிறந்த தற்காப்பு வீரர் விருதை 7 முறை வென்றார். 1998இல் 171ஆவதாக எடுத்த பாவெல் டட்சியுக்கும் நட்சத்திரமானார். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்வீடன், ரஷ்யா வரை ஆள் அனுப்பித் தேடிய அணி அது. எட்மன்டன் 2012இல் முதலாவதாக எடுத்த நைல் யாகுபோவோ 6 பருவங்களோடு லீக்கை விட்டுப் போனார்.

தெரிவானவர் உடனே அணியில் ஆடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ட்ராஃப்ட் அன்று அணிக்குக் கிடைப்பது அவருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை மட்டுமே.