கையெழுத்து இருக்கட்டும், முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. மகள் மே மாதம் பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் மூன்று வாரம் ஜெர்மனி போகிறாள், கணவர் துபாயில் இருக்கிறார், சம்மதக் கடிதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்றொப்பம் வாங்கி, அசலைக் கூரியரில் அனுப்பட்டும்.

எனக்குக் கவலை வேறு. பாஸ்போர்ட் ஜூலையில் முடிகிறது என்கிறீர்களே! ஷெங்கன் நாடுகளை (ஜெர்மனி உள்ளிட்ட, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். உடனே புதுப்பியுங்கள். அதற்கும் பெற்றோர் இருவரின் சம்மதம் தேவை. இரண்டு கையெழுத்தையும் ஒரே நடையில் முடித்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கடிதத்தில் இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். என் மகனுக்கு ‘எஸ்.’ என்று போட்டு, முழுக் கடிதத்தையும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.