சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாதாமே? எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு நம்ம ஊர்ச் சாப்பாடு என்ன ஆகும்?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் ஸ்லீவ் அறுவை சிகிச்சை. சோறு, மீன்கறி, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமா, சாப்பிடும்போது ஒரு மடக்கு தண்ணீர்கூடக் கூடாது என்று டயட்டீஷியன் சொன்னது எதற்காக, சாயா குடிக்கலாமா என்று மூன்று கேள்வி.

நான் தக்கலைப் பக்கம். இதே ஸ்லீவ் அறுவையைத் திருவனந்தபுரத்தில் செய்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. என் சித்தப்பா மகன் பைபாஸ் செய்துகொண்டவன், இதயத்தில் அல்ல, எடை குறைக்க இரைப்பையில் செய்யும் பைபாஸ். எங்கள் இரண்டு வீட்டு அடுக்களையிலும் பார்த்ததை வைத்தும், சர்ஜனும் டயட்டீஷியனும் சொல்லிக்கொடுத்ததை வைத்தும் எழுதுகிறேன். உங்களுக்கான அளவுகளை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டில் அநேகமாக எதையும் அடியோடு விட வேண்டாம். மாற வேண்டியவை இரண்டு: எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பது, தண்ணீரை எப்போது குடிக்கிறோம் என்பது. பலருக்கும் சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் கஷ்டம். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது 100, 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். பைபாஸில் விடும் பை இன்னும் சிறியது, சுமார் 30 மில்லி. முதல் சில மாதங்களில் அதில் நாலு ஸ்பூன் சாப்பாடு இருக்கும்போது தண்ணீரும் போனால் இரண்டுக்கும் இடம் கிடையாது. நெஞ்சு வலிக்கும், வாந்தி வரும். வயிறு ஆறிய பிறகு காரணம் வேறு. தண்ணீர் சேர்ந்தால் சாப்பாடு குழைந்து சீக்கிரம் இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வும் கூடவே போய்விடும். அரை மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும். ஆகவே சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் சாப்பாடே பாதி தண்ணீர். சம்பா அரிசிச் சோற்றில் கறியை ஊற்றிக் குழைப்போம், அப்புறம் ரசம், அப்புறம் மோர். ராத்திரி கஞ்சியும் பயறும். இலையில் உட்காரும் முன்பே சீரக வெள்ளம் (சீரகத் தண்ணீர்) பக்கத்தில் வந்துவிடும். நான் வெறும் வாயோடு மென்றுகொண்டிருப்பதை எங்கள் மாமியால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. "ஒரு மடக்கு வெள்ளம் குடி மக்கா, விக்கிரும்" என்று டம்ளரை நீட்டுவார். பாசத்தில் சொல்வது. அவரிடம் பலமுறை சொல்லிப் பயனில்லாமல், பரிசோதனைக்குப் போனபோது டயட்டீஷியன் முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு நான் சாப்பிடும் மேசையில் டம்ளரே வைப்பதில்லை. நீங்களும் அறுவைக்கு முன்பே வீட்டில் சமைப்பவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு பக்க டயட் சார்ட்டைவிட அது உதவும்.

இன்னொன்று, அண்ணாந்து குடிக்கும் பழக்கம். டம்ளரை உயர்த்தி வாய்க்குள் ஊற்றும்போது ஒரே விழுங்கில் நிறையத் தண்ணீரும், கூடவே காற்றும் உள்ளே போகும். பழைய வயிறு தாங்கியது. புதுக் குழாய் தாங்காது. நெஞ்சுக்குழியில் சட்டென்று அடைத்து வலிக்கும். வாயை வைத்து, உதடு நனையும் அளவுக்கு உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். உங்களுக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவும் வேண்டாம், அதிலும் காற்று போகும்.

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் திரவம் வேண்டும். இதைச் சேர்ப்பது எப்படி என்று மலைக்க வேண்டாம். இருமல் மருந்து அளக்கும் 30 மில்லி மூடி இருக்கிறது அல்லவா, அதில் கால் மணிக்கு ஒன்று. மணிக்கு 120 மில்லி ஆயிற்று. திரவம் மட்டும் குடிக்கும் முதல் நாட்களில் காலை ஆறரையிலிருந்து ராத்திரி ஏழரைக்குள் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். முதல் மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்பவர்களில் நிறையப் பேர் சேர்வது நீர் வற்றிப் போய்த்தான். நம்ம ஊர் மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில் வேர்த்தே பாதி போய்விடும். மூத்திரம் கடுஞ்சாயா நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என்ன குடிக்கலாம் என்றால், வெறும் தண்ணீர், சீரக வெள்ளம், உப்புப் போட்ட மோர், கொஞ்சம் கருக்கு (இளநீர்). சோடா, கோலா வகை எதுவும் வேண்டாம், வாயு உள்ளே விரிந்து வலிக்கும். நன்னாரி சர்பத்தில் பாதி சர்க்கரைப் பாகு. அக்கானியை (பதநீர்) உடம்புக்கு நல்லது என்று ஆசையாகக் கொண்டுவந்து தருவார்கள். 100 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும், மேலேயும் போகும். ஸ்லீவ் செய்தவர் ருசி பார்க்கலாம். பைபாஸ் செய்தவர் அதுவும் பார்க்காமலிருப்பது நல்லது.

இனி சாப்பாடு. முதலில் தெளிந்த திரவம், அப்புறம் பால், மோர், புரோட்டீன் பவுடர், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைய வெந்தது, ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு. நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், உங்கள் சார்ட்டில் உள்ளபடி போங்கள். அந்த மசித்த காலத்தில் நம்ம ஊருக்குக் குறைவே இல்லை. சிறுபயறு கடைசல், தயிர், வேகவைத்து மசித்த முட்டை, முள் எடுத்து உதிர்த்த மீன். பிள்ளை பெற்றவர்களுக்குச் செய்து கொடுக்கும் சுறாப்புட்டை நினைத்துப் பாருங்கள்: முள் இல்லை, உதிரி உதிரியாக இருக்கும், எண்ணெயும் மசாலாவும் குறைத்துச் செய்யலாம். கொஞ்சம் தயிர் சேர்த்து ஈரமாக்கினால் இறங்குவதற்கு சுகம். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் இருக்கும் என்பதால் தினமும் வேண்டாம், எப்போதாவது போதும்.

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். அது குறைந்தால் எடையோடு சேர்ந்து தசையும் கரையும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் உண்டு, புரதம் குறைந்தால் அது இன்னும் கூடும். கணக்குப் போடுங்கள்: 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6. அவித்த மரச்சீனிக்கிழங்கு 100 கிராமில் ஒன்று, ஒன்றரை கிராம்தான். மாவுச்சத்தோ 38 கிராம் வரை. கிழங்கும் சாளைக்கறியும் சாப்பிட்டு வளர்ந்த நாம் எப்போதும் கிழங்கு நிறைய, மீன் தொட்டுக்க என்று சாப்பிட்டோம். இனி மீனை முதலில் முடிக்க வேண்டும். அப்புறம் அவியலோ தோரனோ. இடம் மிச்சமிருந்தால் இரண்டு துண்டு கிழங்கு. அநேக நாள் இடம் இருக்காது. எனக்கு இப்போது ஒரு துண்டு அயலையும் நாலு ஸ்பூன் அவியலும் போதும். பொரித்த மீனைவிடக் கறியில் வெந்த மீன் மென்மை. கறியின் சாறு மீனில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் போதும், கோரிக் குடிக்க வேண்டாம்.

ஒரு சாப்பாட்டுக்கு இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். டீ ஸ்பூனில் எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கியதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். வயிறு நிறைந்த அடையாளம் பழைய மாதிரி வயிற்றில் வராது. நெஞ்செலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம், சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். தட்டில் ஒரே ஒரு வாய் மிச்சம், வீணாகிறதே என்று எடுத்துப் போட்டால் அந்த ஒரு வாய்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும். அடைத்துக்கொள்பவை என்று நாங்கள் கண்டது பரோட்டா, கறி சேர்க்காத புட்டு, வறட்டு கோழி, ஆப்பத்தின் நடுப்பகுதி. பனங்கிழங்கும் சக்கைப்பழமும் (பலாப்பழம்) நார் அதிகம். முதல் வருடம் தள்ளி வைப்பது நல்லது.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது அடைத்துக்கொள்பவற்றைப் பார்த்து அல்ல, தங்கு தடையில்லாமல் இறங்குபவற்றைப் பார்த்து. நேந்திரங்காய் சிப்ஸ், அச்சுமுறுக்கு, மிக்சர், பிஸ்கெட், பாயாசம். இவையெல்லாம் வாயிலேயே கரைந்து குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், நிறையவே நிறையாது. சின்ன வயிற்றோடு ஒரு பொட்டலம் சிப்ஸை ஒரு மாலையில் முடித்துவிட முடியும். முதல் வருடம் குறைந்த எடை இரண்டாம், மூன்றாம் வருடத்தில் திரும்ப ஏறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் சோறு நிறையத் தின்று ஏறவில்லை. சாயாவும், அதோடு கொறிக்கும் கடியும்தான். அந்தக் கடியை வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பதே வழி. பசித்தால் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், சின்ன மட்டி வாழைப்பழம் ஒன்று.

பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு வேறு விதமாகவும் தண்டனை தரும். நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பரிமாறுகிறவர் வற்புறுத்தியதால் அந்தச் சித்தப்பா மகன் அடைப்பிரதமன் பாயாசத்தில் அரைக் கரண்டி வாங்கிப் போளியைப் பிசைந்து சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வருவதற்குள் முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடிக்க, மண்டபத்தின் பின்னால் பெஞ்சில் படுத்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் ஹார்ட் அட்டாக் என்று பதறிவிட்டார்கள். டம்பிங் என்பார்கள். சர்க்கரை செறிந்த சாப்பாடு சிறுகுடலுக்குள் மொத்தமாக விழும்போது, குடல் அதைக் கரைக்க உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வருவது இது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு, அதில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சுகர் தாழ்ந்துவிடும். ஸ்லீவில் இவை குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது கல்யாண வீட்டில் அவன் பந்தியில் உட்காரும் முன்பே பரிமாறுகிறவரிடம் "எனக்கு வயித்துல ஆப்பரேஷன் செஞ்சிருக்கு அண்ணே, இனிப்பு போடாதீங்க" என்று சொல்லிவிடுகிறான். யாரும் வற்புறுத்துவதில்லை.

சாயா கேட்டீர்கள். முதல் மாதம் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்புறம் குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல் அல்லது மிகக் குறைவாக, சாப்பாட்டோடு சேர்க்காமல். இரும்புச்சத்து மாத்திரைக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் இரண்டு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. உடம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் வருடம் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. பி12 குறைவது உடனே தெரியாது. கால் மரத்துப் போய்த் தெரிய வரும்போது நாளாகியிருக்கும். வருடா வருடம் இரத்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

மது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த அறுவைக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே இரத்தத்தில் சட்டென்று ஏறும், இறங்கவும் நேரமாகும். 2012-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் வருடத்தில் மதுப் பிரச்சினை கூடியதையும், அது பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம் இருந்ததையும் கண்டார்கள். சாப்பாடு தந்த ஆறுதலை மனசு வேறிடத்தில் தேடுகிறது என்று நான் நம்புகிறேன். முன்பே குடிப்பழக்கம் இருந்தால் அதை சர்ஜனிடம் மறைக்காதீர்கள்.

கடைசியாக வாந்தி. அளவு மீறிச் சாப்பிட்டு ஒருமுறை வருவது வேறு. இரண்டு, மூன்று நாள் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் உடம்பில் குறையத் தொடங்கும். அது குறைந்துகொண்டே போனால் மூளையே பாதிக்கும், தள்ளாட்டம், பார்வைக் கோளாறு, குழப்பம் வரும். வாந்தி என்றதும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம்ம ஊர் வழக்கம். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் அந்தப் பாதிப்பு மோசமாகும். எனவே எந்த ஆஸ்பத்திரியானாலும் உள்ளே போனதும் முதல் வார்த்தையாக அறுவையைச் சொல்லுங்கள், பி1 ஊசி முதலில் வேண்டுமா என்று கேளுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி வந்தால் தையலில் கசிவாக இருக்கலாம். நடு ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். உங்கள் சர்ஜன் தூரத்தில் இருப்பார், அவசரத்துக்கு ஓடப் போவது மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோதான். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னும் இரண்டு பேர் போனிலும் கைக்குக் கிடைத்த உடனே போட்டு வையுங்கள், சர்ஜனின் நம்பரோடு.